மாமாவின் கழுத்துக்குள் ஜாகாக்கள்

அன்று அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர், கண்ணாடி போட்ட சிலோன்காரப் பெண், என் மனைவியைவிட வயது குறைவு. ஒரு மலாய் மிஸி, நர்ஸ், கதவோரம். என் மாமனார், நாற்காலியில், கழுத்தைச் சுற்றித் துண்டு. என் மனைவி, இன்னொரு நாற்காலியில். மாமாவின் தங்கை, நான் சின்னம்மா என்று கூப்பிடுபவர், நோயாளி படுக்கிற கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தார். மடியில் சூப் கேரியர். கடைசியாக நான். நின்றுகொண்டிருந்தேன்.

மாமாவின் கழலையையும் ஒரு ஆளாகச் சேர்க்கலாம். அதற்கும் ஒரு நாற்காலி போடும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

அந்தக் கழலை புதிதல்ல. எனக்குக் கல்யாணம் ஆனபோதே இருந்தது. பெண் பார்க்கப் போன அன்று பெண்ணைவிட அதைத்தான் அதிகம் பார்த்தேன். அப்போது ஒரு கோழிமுட்டை அளவு. மாமா பேசும்போது மேலே போய்க் கீழே வரும். பேச்சுக்கு அது தலையாட்டுவது போல இருக்கும். வேறு யாரும் அவர் பேச்சுக்குத் தலையாட்டிப் பார்த்ததில்லை.

மாமா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமி போன பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். அவருக்கு இரண்டு பேரைப் பிடிக்காது. ஒன்று, ரயில்வே ஆபீசில் உட்கார்ந்திருந்த சிலோன்காரக் கிராணிமார். வெயிலில் நின்றவனுக்கு லீவு எழுதித் தராத குமாஸ்தாக்கள் என்பார். இரண்டாவது, நான்.

நான் ஜாகா. காவல்காரன் என்று எழுதலாம், ஆனால் கொஞ்சம் மரியாதை வந்துவிடும். கிள்ளான் துறைமுகத்தில் ஒரு ஸ்டோரில் ராத்திரி வேலை. "பகல்ல வீட்ல தூங்குறான், ராத்திரி அங்க போயித் தூங்குறான். ரெண்டாவது தூக்கத்துக்குச் சம்பளம்," என்று மாமா வருகிறவர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவார்.

எங்கள் ஸ்டோரில் ஒருமுறை திருட்டுப் போனது. பட்டப்பகலில். நாலு பேர் நீல உடுப்புப் போட்டு லோரியில் ஏணியோடு வந்தார்கள். கூரை ஒழுகுகிறது, ரிப்பேர் செய்ய வந்தோம் என்றார்கள். பகல் ஜாகா இரண்டு பேரும் கேட்டைத் திறந்தார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். கோப்பி வாங்கிக் கொடுத்தார்கள். ஒழுகுகிற இடத்துக்குக் கீழே இருக்கும் பெட்டிகள் நனைந்துவிடும், வெளியே எடுத்து வைக்கலாம் என்று வந்தவர்கள் சொன்னார்கள். ஜாகாக்கள் தோள் கொடுத்தார்கள். பெட்டிகள் எல்லாம் தையல் மெஷின். லோரி போய்விட்டது. ஏணியை மட்டும் மறந்துவிட்டுப் போனார்கள். ஜாகாக்கள் அதைப் பத்திரமாக எடுத்து உள்ளே வைத்தார்கள்.

அப்போது நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். மாமாவே பார்த்தார். ஆனாலும் அவர் கதையில் ஏணியைப் பிடித்தவன் நான்தான். கேட்கிறவர்களுக்கு அப்படிச் சொன்னால்தான் சிரிப்பு வரும். நானும் மறுக்கவில்லை. மறுத்தால் கதை நீளும்.

கழலை இந்தக் கதைகளோடு பல வருஷம் சும்மா இருந்தது. அப்புறம் ஒரு மாதம் மாமாவின் குரல் கம்மியது. சின்னம்மா கிள்ளானில் கோயிலில் மந்திரித்த கறுப்புக் கயிறு கொண்டுவந்து கழுத்தில் கட்டினார். விரல் விட்டுப் பார்த்துத் தளர்வாகத்தான் கட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் கயிறு சதைக்குள் பதிந்திருந்தது.

"கயிறு நனைஞ்சா சுருங்கும்," என்றார் சின்னம்மா.

"கயிறு சுருங்குதா, உங்க அண்ணன் வீங்குறாரா, பாருங்க அத்தை," என்றாள் என் மனைவி.

கத்தரிக்கோல் உள்ளே நுழையவில்லை. பிளேடு வைத்து நான்தான் அறுத்தேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு, "பாத்து லா. தூக்கக் கலக்கத்துல வேற எதையாச்சும் அறுத்துராத," என்றார்.

சின்னம்மா புதுக் கயிறு, கொஞ்சம் நீளமாக, கட்டினார். அதுவும் இறுகியது. அப்போதுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். கழுத்தில் ஊசி போட்டார்கள். பிறகு ஒரு சின்னத் துண்டு வெட்டி எடுத்தார்கள். அந்தத் துண்டைப் பார்த்து வந்த பதிலைச் சொல்லத்தான் அன்று அந்த அறையில் எங்களை உட்காரவைத்தார்கள். என்னை நிற்கவைத்தார்கள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. புற்று என்றார். தைராய்டில் வருவதில் மோசமான வகை, மிக வேகமாக வளரும், மூச்சுக்குழாயைச் சுற்றிப் பிடித்துவிட்டது, முழுதாக வெட்டி எடுக்க முடியாது என்றார். என் மனைவி துப்பட்டா நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். சின்னம்மா கேரியரை இறுக்கிப் பிடித்தார்.

மாமா மட்டும் டாக்டரை உற்றுப் பார்த்தார்.

"நீங்க சிலோன்காரங்களா?"

"ஓம் ஐயா."

"உங்க ஆளுங்க ரயில்வேல இருந்தாங்களா?"

"என்ட அம்மப்பா ஸ்டேஷன் மாஸ்டர்."

"அதான பாத்தேன். எனக்கு நல்ல சேதியே சொல்ல மாட்டீங்களே."

டாக்டர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு மாமாவுக்கு அவரைக் கொஞ்சம் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். வெளியே காட்டவில்லை.

"நான் ஜுரம்னு படுத்ததே இல்ல," என்றார் மாமா. "தண்டவாளத்துல மழையில நின்ன ஒடம்பு. இது தானா அடிச்சு வெரட்டாதா?"

டாக்டர் ஒரு தாளை எடுத்துப் பேனாவால் கறுப்புப் புள்ளிகள் வைத்தார். "இதுதான் கள்ளன்," என்றார். பிறகு புள்ளிகளுக்கு நடுவே வட்டம் வட்டமாகப் போட்டார். போட்டுக்கொண்டே இருந்தார். வட்டம் கிட்டத்தட்டப் புள்ளி அளவுக்கே வந்துவிட்டது.

"இது உங்கட உடம்பின்ட ஆக்கள். ரத்தத்தில இருந்து வாற அணுக்கள். கிருமி, செத்த சதை, குப்பை எல்லாத்தையும் பிடிச்சு விழுங்குறதுதான் வேலை. காவல்காரர் மாதிரி."

மாமா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஜாகாவா?"

"ஓம், ஜாகா எண்டே வைப்பம்."

"இத்தன ஜாகா உள்ள இருக்கானுங்களா? அப்ப ஏன் பிடிக்கல? தூங்குறானுங்களா?"

"தூங்கேல்ல ஐயா. அதுதான் கரைச்சல். நல்லா வேலை செய்யினம். கள்ளனுக்கு."

என் மனைவி என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டாள். மிஸிக்குத் தமிழ் தெரியாது. அவள் மட்டும்தான் அங்கே ஒழுங்காக நின்றாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இந்த அணுக்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறதாம். உடம்பில் காயம் பட்டால் அங்கே ஓடிப்போய் ரிப்பேர் பார்ப்பது. புது ரத்தக் குழாய் வர வழி செய்து, சதை வளர உதவி செய்வது. இந்தப் புற்று தன்னை ஒரு ஆறாத காயம் போலக் காட்டுகிறது. வா வா என்று ஆள் அனுப்புகிறது. இவர்கள் வந்து குவிகிறார்கள். திருடனை விழுங்காமல், அவனுக்கு ரத்தம் வர வழியும், பரவ இடமும் செய்து கொடுக்கிறார்கள்.

"இப்பிடித்தான் நடக்குது எண்டு படிச்ச ஆக்கள் சந்தேகப்படினம். முழுக்க இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது," என்று முடித்தார்.

மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, மிஸி ஓடிவந்து முதுகைத் தட்டினாள். மூச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை:

"கூரை ரிப்பேர்."

பிறகு டாக்டருக்கு எங்கள் ஸ்டோர் திருட்டை முழுதாகச் சொன்னார். கம்மிய குரலில், இடையிடையே நின்று. ஏணியை நான் பிடித்தேன். கோப்பியும் நான் வாங்கிக் கொடுத்தேன். இந்த முறை பிஸ்கட்டும் சேர்ந்திருந்தது.

"மெதுவா வளருற வகையும் இருக்கு," என்றார் டாக்டர். "அதில வேற மாதிரிச் சின்னக் காவல்காரர் கூட்டமாய்ச் சுத்தி நிக்கிறதைப் பாக்கிறம். அப்பிடி நிண்டால் கள்ளன் லேசில வெளிய போகமாட்டான். அந்த நோயாளிகள் கனகாலம் இருப்பினம்."

"எனக்கு ஏன் அந்தக் கம்பெனி ஜாகா கெடைக்கல?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

மாமா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு வேறு குரலில் கேட்டார். "சாவுறதப் பத்திக் கேக்கல. ஒன்னே ஒன்னு சொல்லுங்க. மூச்சு முட்டிச் சாவேனா?"

அவர் வேலை பார்த்த காலத்தில் மண் சரிந்து கூட வேலை செய்தவர் ஒருவர் மாட்டிக்கொண்டார். தோண்டி எடுக்கும்வரை அந்த ஆள் காற்றுக்கு வாயைத் திறந்து திறந்து மூடியதை மாமா பார்த்தார். எதைப் பற்றியும் கேலி பேசுவார். அதைப் பற்றி ஒருமுறைதான் பேசியிருக்கிறார், அதுவும் கேலியில்லாமல்.

"ஒண்டும் செய்யாட்டி முட்டும்," என்றார் டாக்டர். "கதிர்வீச்சு வைச்சுக் கொஞ்சம் சுருக்கலாம். தொண்டைக்குக் கீழ ஓட்டை போட்டு மூச்சுக்குக் குழாய் வைக்கலாம். செய்தா அப்பிடி முட்டாமல் பாத்துக்கொள்ளலாம். மாசக் கணக்குத்தான், நான் பொய் சொல்லேல்ல. ஆனா அதுக்கு உடம்பில தெம்பு வேணும். நிறை குறைஞ்சா கதிர் தாங்காது. நல்லாச் சாப்பிடுங்கோ."

இதுதான் விஷயம். மாமா பிழைக்கப்போவதில்லை. எப்படிப் போவார் என்பது மட்டும்தான் பாக்கி. அதற்குச் சாப்பிடவேண்டும்.

வீட்டுக்கு வந்த அன்றே மாமா சாப்பாட்டை நிறுத்திவிட்டார்.

சின்னம்மா ஆட்டெலும்பு சூப்பைச் சூடு செய்து கொண்டுவந்தார். கிள்ளான் பாசாரில் விடியற்காலையில் வரிசையில் நின்று வாங்கிய எலும்பு. மாமா கையை நீட்டித் தடுத்தார்.

"ஒடம்புக்குத் தெம்பு அண்ணே."

"எந்த ஒடம்புக்கு? உள்ள இருக்கிறவனுங்க எல்லாம் அவன் ஆளுங்க. நான் சூப் குடிப்பேன், ஜாகா குடிப்பான், நல்லா சத்து வந்து திருடனுக்கு ரோடு போட்டுக் குடுப்பான். நானே கான்ட்ராக்ட் குடுக்கணுமா?"

"டாக்டர் சாப்பிடச் சொன்னாங்க அப்பா," என்றாள் என் மனைவி.

"கிராணி வீட்டுப் பொண்ணு அப்படித்தான் சொல்லும். கணக்கும் போட்டுக் காட்டிட்டு, சாப்பிடவும் சொல்லுது. ரெண்டும் எப்படிச் சேரும்? பட்டினி போட்டாத்தான் அவனுங்க வேலைய விட்டு ஓடுவானுங்க."

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்து, வட்டங்களைக் காட்டினார். அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் தெரிந்தது. அதுதான் தொல்லை. முட்டாள்தனமாகப் பேசியிருந்தால் திட்டிவிட்டு ஊட்டியிருக்கலாம்.

வெறும் தேநீரும் ரொட்டி ஓரமும் மட்டும் எடுத்துக்கொண்டார். விஷயம் பரவியது. வருகிறவர்கள் எல்லாம் சத்து கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டுச் சீனத்தி கருங்கோழி அவித்துக் கொடுத்தாள். யாரோ டானிக் பாட்டில். எல்லாம் என் வயிற்றுக்குள் போனது. அந்த மாதம் நான் நன்றாகத் தேறினேன். மாமா என்னைப் பார்த்து, "பாரு, ஜாகாதான் கொழுக்குறான். நான் சொல்லல?" என்றார்.

அவருடைய கன்னம் ஒட்டியது. தோள் எலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது. கழலை மட்டும் வளர்ந்தது. மல்லாந்து படுக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். மூச்சு இழுக்கும்போது தகரத்தை இழுப்பது போல ஒரு சத்தம்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குச் சின்னம்மாவும் கேரியரோடு வந்தார். மாமாவை எடை மெஷினில் ஏற்றினார்கள். மிஸி முள்ளைப் பார்த்துவிட்டு டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் முகம் மாறியது.

"ஐயா, இன்னும் நிறை இறங்கினா நான் கதிருக்கு அனுப்ப ஏலாது. குழாய் வைக்கவும் பயமாயிருக்கு. ஏன் சாப்பிடேல்ல?"

மாமா தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "நீங்க போட்ட படந்தான்."

முழுதும் கேட்டு முடித்ததும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். தான் சொன்ன உதாரணத்தை நினைத்து அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. உடம்பு பட்டினி கிடந்தால் புற்று பட்டினி கிடக்காது, மற்றதை எல்லாம் கரைத்து அது எடுத்துக்கொள்ளும் என்றார். தமிழில் சொன்னார், இங்கிலீஷில் சொன்னார். மாமா துண்டைச் சரி செய்துகொண்டார். கிராணிமார் பேசும்போது தண்டவாளத்துக்காரர்கள் எல்லாம் அப்படித்தான் நிற்பார்களாம். தலையை ஆட்டிவிட்டு, வெளியே போய்த் தங்கள் வழியில் செய்வார்கள்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அந்த அறையில் அதுவரை நான் வாயே திறந்ததில்லை.

"மாமா," என்றேன். "திருட்டுக்கு அப்புறம் ஸ்டோர்ல என்ன நடந்துச்சு தெரியுமா?"

"என்ன, உனக்கு மெடல் குடுத்தாங்களா?"

"டீயை நிறுத்திட்டாங்க. ராத்திரி ரொட்டியையும் நிறுத்திட்டாங்க. ஏணி பிடிச்சதுக்குத் தண்டனை. பட்டினி கெடந்தா புத்தி வரும்னு மேனேஜர் சொன்னாரு."

"நல்ல மேனேஜர்."

"அப்புறம் மறுபடி திருட்டுப் போச்சு."

மாமா என்னைப் பார்த்தார்.

"இந்தத் தடவை ஏணி இல்ல. நாசி லெமாக் பொட்டலம். தேங்காப்பால் சோறு, நெத்திலி வறுவலோட. திருடன் கொண்டாந்து குடுத்தான். பசியில இருக்கிற ஜாகா கம்பெனியைப் பாக்க மாட்டான் மாமா. பொட்டலத்தைத்தான் பாப்பான். மொத தடவை ஏமாந்து கதவத் தொறந்தான். ரெண்டாவது தடவை தெரிஞ்சே தொறந்தான்."

சின்னம்மா கேரியர் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நீ சாப்பிட்டியா அந்தப் பொட்டலத்த?" என்றார் மாமா.

"நெத்திலி நல்லா இருந்துச்சு."

அவர் தோள் குலுங்கியது. இருமல் வராமல் அடக்கிக்கொண்டார். பிறகு சின்னம்மா பக்கம் கையை நீட்டினார்.

"தா அந்தச் சூப்ப."

டாக்டரின் அறையிலேயே குடித்தார். ஆஸ்பத்திரி அறை முழுக்க ஆட்டெலும்பு வாசம். மிஸி ஜன்னலைத் திறந்தாள்.

வெளியே வந்தபோது டாக்டர் பின்னாலேயே வந்து என்னைத் தனியாகக் கேட்டார். "அது உண்மையே அண்ணே?"

"டீ நிறுத்தினது உண்மை," என்றேன்.

மாமா பிடிவாதக்காரர். சாப்பிடுவது என்று முடிவெடுத்தால் அதையும் பிடிவாதமாகத்தான் செய்வார். சூப், அவித்த முட்டை, குழைந்த சோறு. விழுங்க முடியாமல் கண்ணில் நீர் வரும். விழுங்குவார். "இது ஜாகாவுக்குப் படி," என்பார். எடை ஏறவில்லை, ஆனால் இறங்குவது நின்றது. டாக்டருக்கு அது போதும்.

கதிருக்குச் சீட்டு எழுதிய அன்று மாமா அவரைக் கேட்டார். "இது திருடனை மட்டும் சுடுமா, ஜாகாவையும் சேத்துச் சுடுமா?"

"ஆள் பாத்துச் சுட ஏலாது ஐயா."

"பரவால்ல. அவனுங்களுக்கும் ரெண்டு போடுங்க."

முதலில் தொண்டைக்குக் கீழே ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். அதோடு குரல் போனது. மூச்சு வாய்வரை வராமல் பாதி வழியிலேயே வெளியே போய்விட்டது. பிறகு கதிர். கழலை கொஞ்சம் அடங்கியது. தகரச் சத்தம் நின்றது. நாற்காலியை விட்டுக் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்து தூங்கினார். அப்படி அவர் தூங்கிய முதல் மதியம் என் மனைவி சமையலறையில் போய் அழுதாள்.

பேச்சு போனதால் எனக்கு நிம்மதி என்று நினைத்தேன். அதுவும் கிடைக்கவில்லை. என்னைக் கூப்பிடவேண்டுமென்றால் கண்ணை மூடித் தலையைத் தோளில் சாய்த்துக் குறட்டை விடுவது போலக் காட்டுவார். "அப்பா உங்களைக் கூப்பிடுறாரு," என்பாள் என் மனைவி. புதிதாக வருகிறவர்களுக்கு ஏணிக் கதையையும் கையாலேயே சொல்லி முடித்தார். எல்லோருக்கும் புரிந்தது.

கழலை மறுபடி எழுந்தது. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இந்த முறை குழாய் இருந்ததால் மூச்சுக்கு வழி இருந்தது. தொண்டைதான் அடைத்தது. வடிகட்டிய சூப்பை மட்டும் கரண்டி கரண்டியாக ஊட்டினோம். சின்னம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. பாதி சூப்பை நான் குடித்துவிடுகிறேன் என்று நினைத்தார். கருங்கோழி விஷயத்தில் அவர் நினைத்தது சரி. அதனால் தினமும் வந்ததும் "எத்தன கரண்டி?" என்று கேட்பார். மாமா அவருக்காக ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு விரலை மடக்கிக் கணக்கு வைத்துக்கொண்டார். மூன்று. ஐந்து. நல்ல நாளில் ஏழு.

கடைசி நாள் என் மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் ஊட்டினேன். அன்று வழி கொஞ்சம் விட்டிருந்தது. ஒரு கை விரல் முழுதும் மடங்கியது. மறு கையும் மடங்கியது. நான் கிண்ணத்தை வைக்கப் போனேன். இன்னொன்று என்று தாடையை ஆட்டினார். கொடுத்தேன். விழுங்கினார். இரண்டு கையையும் பார்த்தார். விரல் தீர்ந்துவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்து, என் விரல் ஒன்றை மடக்கினார்.

பிறகு கண்ணை மூடித் தலையைத் தோளில் சாய்த்தார். என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "இங்கதான் இருக்கேன் மாமா," என்றேன். அவர் உண்மையாகவே தூங்கிவிட்டார். குழாயில் மூச்சு போய் வந்துகொண்டிருந்தது. இழுப்பு இல்லை, திணறல் இல்லை. வாயைத் திறக்கவில்லை. வெயில் ஜன்னலைவிட்டு நகர்ந்த நேரத்தில் அது நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

சின்னம்மா சாயங்கால பஸ்ஸில் கேரியரோடு வந்தார். வாசலில் செருப்புகளைப் பார்த்தார். உள்ளே வந்து அண்ணனைப் பார்த்தார். அழுதார். கயிறு கட்டியிருந்த இடத்தைத் தடவினார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, இன்னைக்கு எத்தன?"

பதினொன்று.